கடப்பா மலைச் சைக்கஸ்: ஓர் உலர்தாவரத் தாளின் வரலாறு

திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் குன்றுகளில், ஈச்சையைப் போலத் தோற்றமளிக்கும் குட்டையான செடியொன்று வளர்கிறது. ஈச்சையோடும் பனையோடும் அதற்கு உறவில்லை. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே உலகில் பரவியிருந்த தொல்குலத்தைச் சேர்ந்தது அது. தாவரவியலில் அதன் பெயர் சைக்கஸ் பெடோமி. ஆந்திரத்தின் இம்மலைத்தொடருக்கு வெளியே இது இயற்கையாக வளர்வதில்லை.

பெயருக்குக் காரணமானவர் ரிச்சர்டு ஹென்றி பெடோம். சென்னை மாகாணப் படையில் அதிகாரியாக வந்து, 1860 முதல் 1882 வரை மாகாண வனத்துறைக்குத் தலைமை தாங்கியவர். கடப்பா மலைப்பகுதியில் அவர் திரட்டிய மாதிரியைக் கொண்டு, கியூ தாவரவியல் பூங்காவின் துணை இயக்குநராக இருந்த திசில்டன் டையர் 1883இல் இதனைப் புதிய இனமாக விவரித்தார்.

பழைய மாதிரிகளின் இடக்குறிப்பைப் படிக்க ஆட்சி எல்லைகளின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். பெடோமின் காலத்தில் திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்தின் சந்திரகிரி தாலுகாவில் இருந்தது. 1911இல், பெடோம் மறைந்த அதே ஆண்டில், வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே ஒரே குன்றில் வெவ்வேறு காலங்களில் எடுத்த மாதிரிகள் வட ஆர்க்காடு, சித்தூர், திருப்பதி என மூன்று மாவட்டப் பெயர்களைத் தாங்கக்கூடும். பெயர்களை மட்டும் எண்ணினால் செடி பரவியதாகத் தோன்றும். உண்மையில் நகர்ந்தவை எல்லைகளே.

இன்னொரு சிக்கல் தாளின் அளவு. உலர்தாவரத் தாள் ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உடையது. சைக்கஸின் ஓலையோ ஒரு மீட்டரை நெருங்கும். ஆண் கூம்பு தாளில் அடங்காது. சேகரிப்பவர் ஓலைத்துண்டோடு நிறுத்திவிட்டால், பின்வருபவரால் இனத்தை உறுதிசெய்வது கடினம். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள் என்பதால் இரண்டின் மாதிரிகளும் வேண்டும்.

அந்த ஆண் கூம்புதான் செடிக்கு ஆபத்தையும் தேடித் தருகிறது. சைக்கஸின் ஆண் கூம்பு சித்த மருத்துவத்தில் மதனகாமப்பூ எனப்படும். திருமலைச் சைக்கஸின் கூம்புகளும் மருந்துக்காக வெட்டப்படுகின்றன. மகரந்தம் உதிருமுன் அவை வெட்டப்பட்டால், பெண் செடிகளில் விதை பிடிக்காது. வெட்டுண்ட செடி உயிரோடு நிற்கும். அடுத்த தலைமுறை இராது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டஸ் உடன்படிக்கை இதனை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்திருப்பது, காட்டிலிருந்து எடுத்து வெளிநாட்டுக்கு விற்பதைத் தடுக்கவே.

இச்செடி எங்கு இருந்தது, எங்கிருந்து மறைந்தது என்பதை அறியப் பழைய தாள்களே சான்று. ஊர், குன்றின் பெயர், உயரம், ஆணா பெண்ணா, நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிய தாளை எத்தனை எல்லை மாறினாலும் படிக்க முடியும். ஆயினும் கூம்பு தேடுவோருக்கு வழிகாட்டாதிருக்க, துல்லியமான இடக்குறிப்பைப் பொதுவெளியில் மறைத்து, ஆய்வாளருக்கு மட்டும் காட்டுவதே இன்றைய பொறுப்பான நடைமுறை.