சென்னை வானூர்தி நிலைய ஓடுபாதை விரிவாக்கம்

சென்னை வானூர்தி நிலைய ஓடுபாதை விரிவாக்கம் என்பது மீனம்பாக்கத்தில் அமைந்துள்ள சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தில் நெரிசலையும் தாமதத்தையும் குறைக்கும் பொருட்டு, இந்திய விமான நிலையங்கள் ஆணையம் மேற்கொண்ட ஓடுபாதைப் பணிகளைக் குறிக்கும். அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்து இரண்டாவது ஓடுபாதையை நீட்டியது இவற்றுள் முதன்மையானது ஆகும்.

தாமதம் ஏற்படும் முறை

ஓர் ஓடுபாதையை ஒரு நேரத்தில் ஒரு வானூர்தி மட்டுமே பயன்படுத்த இயலும். இறங்கிய வானூர்தி அதை விட்டு விலகும் வரை அடுத்தது இறங்கவோ புறப்படவோ முடியாது. மேலும், பெரிய வானூர்தி தனக்குப் பின்னால் காற்றில் சுழல்களை விட்டுச் செல்வதால், அதைத் தொடரும் சிறிய வானூர்தி கூடுதல் இடைவெளி விட வேண்டும். எனவே ஒவ்வொரு வானூர்தியும் ஓடுபாதையில் செலவிடும் நொடிகளே நிலையத்தின் கொள்திறனைத் தீர்மானிக்கின்றன.

ஓடுபாதையையும் வானூர்தி நிறுத்துமிடத்தையும் இணைக்கும் வழி ஊர்பாதை (டாக்சிவே) எனப்படும். ஓடுபாதைக்கு இணையாக ஊர்பாதை இல்லாத நிலையங்களில், இறங்கிய வானூர்தி ஓடுபாதையிலேயே திரும்பி வர நேரிடும். இதனால் சில நிமிடங்கள் வீணாகும். செங்குத்தாகப் பிரியும் ஊர்பாதையில் திரும்ப வானூர்தி வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் பிரியும் விரைவு வெளியேறு பாதையில் மணிக்கு 93 கி.மீ. வேகத்திலும் விலக இயலும்.

சென்னையின் ஓடுபாதைகள்

இந்நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. 07/25 எனக் குறிக்கப்படும் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர் நீளமுடையது. மற்றொன்று 12/30 ஆகும். திசைகாட்டியின் பாகை அளவைப் பத்தால் வகுத்து இவ்வெண்கள் இடப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், இரண்டு ஓடுபாதைகள் இருந்தும் இருமடங்கு போக்குவரத்தைக் கையாள இயலவில்லை.

2008இல் தொடங்கிய நவீனமயமாக்கல் திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 2,000 மீட்டராக இருந்த இரண்டாவது ஓடுபாதை 2,925 மீட்டராக நீட்டப்பட்டது. இதற்கென ஆற்றின் மறுகரையில் மணப்பாக்கம், கொளப்பாக்கம் பகுதிகளில் நிலம் கையகப்படுத்தப்பட்டது. எனினும் சுற்றியுள்ள குன்றுகளும் கட்டடங்களும் தடையாக அமைந்ததால், நீட்டிய நீளத்தின் முழுப் பயனையும் பெற முடியவில்லை. இவ்வோடுபாதை பெரும்பாலும் சிறிய வானூர்திகளுக்கே பயன்பட்டது. பின்னர் முதன்மை ஓடுபாதையில் விரைவு வெளியேறு பாதைகளை அமைக்கும் பணியும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

வெள்ளமும் விவாதமும்

2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையாலும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீராலும் அடையாறு பெருக்கெடுத்து, நிலையத்தினுள் வெள்ளம் புகுந்தது. பயணிகள் போக்குவரத்து டிசம்பர் 6 அன்றே மீண்டும் தொடங்கியது. ஓடுபாதைப் பாலம் ஆற்றின் நீரோட்டத்தைத் தடுத்ததா என்னும் கேள்வி அப்போது பரவலாக விவாதிக்கப்பட்டது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்சாம் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் தேங்கி நிலையம் மூடப்பட்டு, மறுநாள் திறக்கப்பட்டது.

ஒப்பீடு

மும்பை நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுவனவே. அங்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தி, 2018 சூன் 5 அன்று 24 மணி நேரத்தில் 1,003 வானூர்திகள் கையாளப்பட்டன. புதிய ஓடுபாதை இன்றியே ஊர்பாதை அமைப்பாலும் நேரக் கட்டுப்பாட்டாலும் எவ்வளவு இயலும் என்பதற்கு இது சான்றாகும். தில்லியில் 2023 சூலையில் நான்காவது ஓடுபாதையும், 2.1 கி.மீ. நீளமுள்ள உயர்மட்ட ஊர்பாதையும் திறக்கப்பட்டன.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி உள்ளிட்ட காவிரிப் படுகை மக்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் செல்லப் பயன்படுத்தும் திருச்சிராப்பள்ளி நிலையத்தில் ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓடுபாதை உள்ளது. 2024இல் அங்கு புதிய முனையம் திறக்கப்பட்டபோதும் ஓடுபாதை நீளவில்லை. நிலம் கையகப்படுத்துவதே நீட்டிப்புக்கு நெடுங்காலத் தடையாக இருந்து வந்தது.

பரந்தூர் திட்டம்

மீனம்பாக்கத்தைச் சுற்றி ஆறும் குன்றும் குடியிருப்பும் சூழ்ந்திருப்பதால் இணை ஓடுபாதை அமைக்க இடமில்லை. ஒன்றையொன்று சாராமல் இரண்டு இணை ஓடுபாதைகளில் வானூர்திகள் இறங்க வேண்டுமாயின், அவற்றுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் இடைவெளி தேவை. இதனால் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் இரண்டு இணை ஓடுபாதைகளுடன் புதிய நிலையம் அமைக்கப்படும் என 2022 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் நடுவண் அரசு கொள்கை அளவிலான ஒப்புதல் அளித்தது.

இதற்கென 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவைப்படுகிறது. அதில் நெல்வயல்களும் ஏரிகளும் நீர்வழிகளும் அடங்கும். வீடுகளையும் விளைநிலங்களையும் இழக்கும் ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் 2022 முதல் தொடர்ந்து போராடி வந்துள்ளனர். மிகுந்து வரும் பயணிகளுக்கு ஈடுகொடுக்கப் புதிய நிலையம் இன்றியமையாதது என்பது அரசின் நிலைப்பாடு. நீர்நிலைகளை அழித்தால் வெள்ளச் சேதம் மிகும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம் ஆகும்.