ஊர் எல்லையைக் கடந்து சிந்தித்த உழவர்



வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களையும் படைத்தலைவர்களையும் பற்றியே மிகுதியாகக் கற்பிக்கிறோம். இன்று ஓர் உழவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் 1907-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஓராசிரியர் பள்ளியில் பயின்றவர். 1936-இல் பிரான்சிஸ்காவை மணந்தார். 1941 முதல் உழவுத் தொழிலோடு, பங்குக் கோயிலின் கோயிற்பிள்ளையாகவும் தொண்டாற்றினார். கழனி, இல்லறம், கோயில் என்பதே அவர்தம் அன்றாட உலகம்.

ஆயினும் ஊருக்கு வெளியே நிகழ்ந்தவை அவரை அமைதியாய் இருக்க விடவில்லை. 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்த ஹிட்லர் அரசு, மக்களிடம் ஒப்புதல் வாக்குக் கேட்டது. அவ்வூரில் மறுத்து வாக்களித்தவர் இவர் ஒருவரே. 1940-இல், மறையுரை ஒன்றின் பொருட்டுப் பங்குத்தந்தை கைதானார். மனநோயாளிகளை அரசே கொல்கிறது என்னும் செய்தியும் இவர் செவிக்கு எட்டியது. ரஷ்யாவின்மீது தொடுத்த போர் கொள்கைக்கானதா, அன்றிப் பிறர் நிலத்தையும் எண்ணெய் வளத்தையும் கவர்வதற்கானதா எனத் தம் குறிப்பேட்டில் எழுதி ஆராய்ந்தார்.

ஐயம் தெளிய லின்ஸ் நகர ஆயரை நாடினார். போரின் நீதியை எடைபோடுவது குடும்பத் தலைவர் ஒருவரின் பொறுப்பன்று என்பதே அங்குக் கிடைத்த அறிவுரை. அவர் மனம் அதனை ஏற்கவில்லை.

1943 மார்ச்சில் படைமுகாமுக்கு அழைக்கப்பட்டபோது, ஆயுதம் ஏந்திப் போரிட மறுத்தார். மருத்துவ உதவியாளராகப் பணியாற்ற முன்வந்தும் பயனில்லை. ஜூலை 6-இல் இறப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9-இல் அது நிறைவேற்றப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 36. வீட்டில் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தனர்.

போருக்குப் பின்னரும் அக்குடும்பம் ஊராரின் பழிச்சொல்லைச் சுமந்தது. 1997-இல்தான் பெர்லின் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2007-இல் லின்ஸ் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, 94 அகவை மனைவியும் உடனிருந்தார்.

மனைவி மக்களைத் தவிக்க விட்டுச் சென்றது சரியா என்னும் வினா எளிதில் தீர்வதன்று. அவ்வினாவை நம் மாணவரிடமே விட்டுவிடலாம். ஆனால், பாடநூலுக்கு அப்பால் ஒரு பிள்ளை வினவும்போது, "அது சோதனைக்கு வராது" என்று நானும் பன்முறை வாயடைத்ததுண்டு. இவர் வாழ்க்கையைப் படித்தபின் அவ்வாறு சொல்ல நாணுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்