படைவீரனும் பழைய வேலையும்

போருக்குச் சென்றவன் உயிரோடு மீண்டால், அவன் விட்டுச் சென்ற வேலை அவனுக்குக் கிடைக்குமா? இக்கேள்விக்கு அமெரிக்க நாடு கண்ட விடையை இன்று மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1940 செப்டம்பரில் அந்நாட்டில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் பிறந்தது. படையிலிருந்து மீண்டவன் குறித்த காலத்துக்குள் விண்ணப்பித்தால், முதலாளி அவனைப் பழைய வேலையிலோ அதற்கு நிகரான வேலையிலோ அமர்த்த வேண்டும். தக்க காரணமின்றி ஓராண்டுக்கு அவனை நீக்கலாகாது என்று அது விதித்தது.

ஆயின், மீண்டவனுக்கு உரிய இடம் எது? புரூக்ளின் நகர்ப்பகுதியின் கப்பல் பட்டறை ஒன்றில் பற்றவைப்புத் தொழிலாளி ஒருவர் படையிலிருந்து திரும்பிப் பணியேற்றார். 1945இல் வேலை குறைந்தது. தம்மினும் பணிமூப்பு மிக்கோருக்கு வேலை தந்து, தம்மை ஒன்பது நாள் நிறுத்தியது முறையன்று என வழக்குத் தொடுத்தார். 1946இல் உச்சநீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும், தீர்ப்பெழுதிய நீதிபதி டக்ளஸ், பணிமூப்பை நகரும் படிக்கட்டுக்கு ஒப்பிட்டார். வீரன் இடைவிடாது பணியில் இருந்திருந்தால் எந்தப் படியை எட்டியிருப்பானோ, மீண்டதும் அந்தப் படியிலேயே ஏறுவான்; அதற்கு மேற்பட்ட படியை அவன் கேட்க இயலாது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்நெறி இடம்பெற்றது.

நாட்டுக்காகச் சென்றவனும் இழக்கலாகாது. பட்டறையில் உழைத்திருந்தவனும் இழக்கலாகாது. இவ்விருவரையும் ஒருங்கே எண்ணியதே அத்தீர்ப்பின் சிறப்பு என்பது என் கருத்து.