மாமாச்சரி: சப்பானில் குழந்தைகளை ஏற்றிச்செல்லும் மிதிவண்டியின் வரலாறு

மாமாச்சரி என்பது சப்பானில் அன்றாட வீட்டுப் பயன்பாட்டுக்கு உரிய மிதிவண்டியைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் ஆகும். தமிழில் மாமா என்பது வேறு உறவு. சப்பானியப் பேச்சில் அச்சொல் தாயைக் குறிக்கும். 'சரி' என்பது மிதிவண்டிக்கு வழங்கும் கொச்சைப் பெயர். தாழ்ந்த சட்டகம், முன்புறம் கூடை, பின்புறம் கேரியர், உறுதியான ஸ்டாண்டு ஆகியவை இவ்வண்டியின் அடையாளங்கள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அப்படியே தொடருந்து நிலையத்துக்கோ வேலைக்கோ செல்லும் பெற்றோர் பலருக்கு இதுவே ஊர்தி.

பழைய விதி

சப்பானில் ஒரு மிதிவண்டியில் எத்தனை பேர் செல்லலாம் என்பதை அந்தந்த மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையம் வகுக்கிறது. ஒருவர் மட்டுமே செல்லலாம் என்பது பொது விதி. குழந்தைகளுக்காக அதில் ஒரு விலக்கு இருந்தது. 16 வயது நிரம்பிய ஒருவர், 6 வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தையை அதற்குரிய இருக்கையில் அமர்த்திச் செல்லலாம். கைக்குழந்தையை முதுகில் துணிப்பட்டையால் கட்டிக்கொள்ளவும் இடமிருந்தது. ஆனால் முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை என இரு குழந்தைகளை அமர்த்திச் செல்வது விதிமீறல்.

நடைமுறையோ வேறாக இருந்தது. மூன்று வயதில் ஒன்றும் ஐந்து வயதில் ஒன்றும் உள்ள தாய், இரண்டையும் ஒரே வண்டியில்தான் அழைத்துச் சென்றார். காப்பகம் தொலைவில் இருந்தது. வேலைக்குக் குறித்த நேரத்தில் சென்றாக வேண்டும். நகரங்களில் மகிழுந்து நிறுத்த இடமும் அரிது. காவலர்கள் பெரும்பாலும் இதைக் கண்டும் காணாமல் விட்டனர்.

2008ஆம் ஆண்டுச் சர்ச்சை

தேசியக் காவல் முகமை வெளியிடும் சாலைப் போக்குவரத்துக் கையேட்டில், மிதிவண்டி குறித்த பகுதி 1978க்குப் பின் 30 ஆண்டுகளாகத் திருத்தப்படவில்லை. 2008இல் அதைத் திருத்த முற்பட்டபோது, இரு குழந்தைகளை ஏற்றிச் செல்லும் 'மூவர் சவாரி' கூடாது என்பதைத் தெளிவாக எழுத முகமை எண்ணியது. காரணம் நியாயமானதே. இரு குழந்தைகளின் எடை ஏறிய சாதாரண வண்டியில் கைப்பிடி தள்ளாடும், பிரேக்கு பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது, சட்டகம் அதிரும்.

தாய்மாரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. குழந்தை பிறப்பு குறைகிறது என்று அரசே கவலைப்படும் நாட்டில், இரண்டாம் குழந்தையை எப்படிக் காப்பகத்துக்கு அழைத்துச் செல்வது என்று அவர்கள் கேட்டனர். ஒரு குழந்தையை வீட்டில் தனியே விட்டுவிட்டு இருமுறை சென்று வருவதுதான் பாதுகாப்பா என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்ல இயலவில்லை.

இதையடுத்து முகமை வேறு வழியை நாடியது. இரு குழந்தைகளைப் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய மிதிவண்டியை உருவாக்க இயலுமா என ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. உற்பத்தியாளர்களும் புதிய வடிவங்களை முன்வைத்தனர்.

புதிய வண்டிக்கான நிபந்தனைகள்

ஆய்வின் முடிவில் பின்வரும் பண்புகள் வலியுறுத்தப்பட்டன:

- இரு குழந்தைகளின் எடையைத் தாங்கும் வலிமை
- அந்த எடையோடும் வண்டியை நிறுத்தும் பிரேக்குத் திறன்
- நிறுத்தி வைத்திருக்கும்போது சாயாத நிலைத்தன்மை
- ஓடும்போது அதிராத சட்டகமும் இருக்கை அமைப்பும்
- புறப்படும்போதும் ஓட்டும்போதும் தள்ளாடாமை

இந்நிபந்தனைகளுக்கு உட்பட்ட வண்டிகளில் 6 வயதுக்கு உட்பட்ட இரு குழந்தைகளை ஏற்ற, 2009 சூலை முதல் மாகாணங்கள் அனுமதி அளிக்கத் தொடங்கின. தகுதி பெற்ற வண்டிகளை வாங்குவோர் அறிய அவற்றில் தனி முத்திரை ஒட்டப்பட்டது. விலை கூடுதலாக இருந்ததால், சில நகராட்சிகள் உதவித்தொகை அளித்தன. டோக்கியோ மாகாணத்தில் உள்ள மித்தாகா நகரம் வாடகைக்கு வழங்கியது.

மின்துணையின் பங்கு

மிதிப்பவரின் உழைப்புக்கு மின்பொறி துணைசெய்யும் மிதிவண்டியை யமகா நிறுவனம் 1993இல் சப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிக்கும் விசைக்குச் சமமான அளவே துணை தரலாம் என்றிருந்த வரம்பு, 2008 இறுதியில், குறைந்த வேகத்தில் இரு மடங்கு வரை என உயர்த்தப்பட்டது. நின்ற வண்டி நகரத் தொடங்கும் கணமே தள்ளாட்டம் மிகும் நேரம் என்பதால், குழந்தைகளோடு செல்வோருக்கு இம்மாற்றம் பெரிதும் உதவியது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் ஈர்ப்பு மையம் தாழும்படி 20 அங்குலச் சிறிய சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. வண்டியின் எடை மட்டும் 30 கிலோவை எட்டுவதால், அதைச் சாயாமல் பிடித்து நிறுத்துவதற்குப் பழக்கம் வேண்டும்.

இருக்கையைத் தேர்தல்

முன் இருக்கை, ஏறத்தாழ 15 கிலோ வரை எடையுள்ள சிறு குழந்தைகளுக்கு உரியது. குழந்தை கண்முன்னே இருக்கும் என்பது அதன் நன்மை. கைப்பிடியின் மேல் சுமை ஏறித் திருப்பம் கனப்பது அதன் குறை. பின் இருக்கை, வளர்ந்த குழந்தைகளுக்கு, 22 கிலோ அளவுக்கு ஏற்றது. ஓட்டுவது எளிது, ஆனால் குழந்தை கண்ணில் படாது. இருவரை ஏற்றும்போது பின்னால் அமர்பவரை முதலில் ஏற்றி, இறக்கும்போது கடைசியில் இறக்குவது வழக்கம். முன்பக்கம் மட்டும் சுமை இருந்தால் கைப்பிடி திரும்பி வண்டி கவிழக்கூடும் என்பதே காரணம்.

விபத்து என்றதும் ஓடும் வண்டியே நினைவுக்கு வரும். நிறுத்தி வைத்த வண்டி, குழந்தை அமர்ந்திருக்கும்போதே சாய்ந்து விழுவதும் அதற்கு இணையான ஆபத்து. வேகம் இல்லாவிட்டாலும் இருக்கையின் உயரத்திலிருந்து தலை தரையில் மோதும். ஆகவே ஒரு கணம்கூடக் குழந்தையை நின்ற வண்டியில் தனியே விடக்கூடாது என்றும், இருக்கைப்பட்டையும் தலைக்கவசமும் ஏற்றும்போதே அணிவிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தப்படுகிறது. 13 வயதுக்கு உட்பட்டோருக்குத் தலைக்கவசம் அணிவிக்கப் பெற்றோர் முயல வேண்டும் என்ற சட்டப்பிரிவு 2008 சூனில் நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் முதல் அது எல்லா வயதினருக்கும் விரிவாக்கப்பட்டது. மீறினால் தண்டனை இல்லை.

வரலாற்று முக்கியத்துவம்

மூவர் சவாரியைத் தடுக்க முனைந்த காவல் முகமை, அதற்குத் தகுந்த வண்டி உருவாக வழிவகுத்ததில் இந்த வரலாறு முடிந்தது. தடை எழுதப்பட்டிருந்தால் தாய்மார் சவாரியை நிறுத்தியிருக்க மாட்டார்கள். வலுவற்ற பழைய வண்டிகளிலேயே தொடர்ந்திருப்பார்கள். மக்கள் விட முடியாத ஒரு பழக்கத்தை அவர்களுக்குக் கேடில்லாததாக ஆக்குவதும் பாதுகாப்புச் சட்டத்தின் வேலை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.