புருண்டி அகதிகள் இடப்பெயர்வு (2015)

2015ஆம் ஆண்டு அதிபர் தேர்தலையொட்டி மூண்ட கலவரத்தால், புருண்டி மக்கள் தான்சானியா, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய நாடுகளில் தஞ்சம் புகுந்த நிகழ்வு. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழ்ந்த அந்தச் சிறு நாட்டிலிருந்து 2017க்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர்.

கலவரம் வெடிக்கும் முன்பே வெளியேற்றம் தொடங்கிவிட்டது. அதிபர் பியர் என்குருன்சிசா மூன்றாம் முறையாகப் போட்டியிடுவார் என ஆளுங்கட்சி ஏப்ரல் 25 அன்று அறிவித்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் ருவாண்டா எல்லையைத் தாண்டியிருந்தனர். கட்சியின் இளைஞர் அணியான இம்போனெராகுரே தங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தால் குறியிட்டுப் போனதாக அவர்கள் கூறினர். இதை வீண் பீதி என்று ஒதுக்க முடியாது. 1972இல் நடந்த படுகொலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு. 1993இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் மெல்கியோர் என்டடாயே நான்கே மாதங்களில் கொல்லப்பட்டார். அதையடுத்துப் பல லட்சம் பேர் எல்லை தாண்டினர். காலம் தாழ்த்திக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்தது.

அதிபர் பதவி இரண்டு முறைக்கு மேல் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு அருஷா அமைதி உடன்பாட்டின் விதி. முதல் முறை அவரைத் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றமே, மக்கள் அல்ல; எனவே அது கணக்கில் சேராது என்பது என்குருன்சிசா தரப்பின் வாதம். அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த நீதிமன்றத்தின் துணைத் தலைவரே தீர்ப்பில் கையெழுத்திட மறுத்து ருவாண்டாவுக்குத் தப்பினார். மே 13 அன்று நடந்த ராணுவப் புரட்சி முயற்சி தோற்றது. தனியார் வானொலி நிலையங்கள் தாக்கப்பட்டன. ஜூலையில் என்குருன்சிசா மீண்டும் வென்றார்.

மிகப் பெரிய அவலம் நேர்ந்தது டாங்கனிக்கா ஏரிக்கரையில். தான்சானியாவின் ககுங்கா, செங்குத்தான மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய மீனவ ஊர்; அப்போது வெளியேறச் சாலை இருக்கவில்லை. அங்கே பல்லாயிரம் பேர் மணலில் கிடந்தனர். குடிக்கவும் கழுவவும் அதே ஏரித் தண்ணீர்தான். மே மாதம் காலரா பரவி, ஏறத்தாழ முப்பது பேர் இறந்தனர். முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மானியக் கப்பலான லியெம்பா அவர்களை ஏற்றிச் செல்ல வந்தது. துறைமேடை இல்லாததால், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் மீன்பிடிப் படகுகளில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினர். ஒரு நடைக்கு ஏறத்தாழ 600 பேர். கிகோமா நகரில் இறங்கி அங்குள்ள விளையாட்டரங்கில் தங்கியவர்கள் பேருந்துகளில் நியாருகுசு முகாமுக்குச் சென்றனர். காங்கோ அகதிகளுக்காக 1996இல் அமைந்த முகாம் அது. ருவாண்டாவில் மகாமா முகாம் புதிதாக எழுந்தது.

வந்தவர்களை விசாரணையின்றி ஒட்டுமொத்தமாக அகதிகளாக ஏற்பதைத் தான்சானியா 2017 ஜனவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் தாயகம் திரும்பும் திட்டம் தொடங்கியது. அது விருப்பத்தின் பேரிலானது என்று சொல்லப்பட்டாலும், முகாம்களின் சந்தைகள் மூடப்பட்டு, பிழைக்கும் வழிகள் அடைபட்ட நிலையில் ஒருவர் எடுக்கும் முடிவை முழு விருப்பம் என்று ஏற்பது கடினம். 2020 ஜூனில் என்குருன்சிசா இறந்தார். எவாரிஸ்ட் என்டாயிஷிமியே அதிபரானார். ஆகஸ்டில் மகாமாவிலிருந்தும் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினர்.