நான்கில் ஒன்று வராத கணக்கு: மனச்சிதைவு நோயின் மரபுவேர்த் தேடல்

மியூனிக் நகர மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடின் 1916இல் வெளியிட்ட நூல் ஒரு கணக்கைச் சோதித்தது. மெண்டலின் பட்டாணிச் செடிகளில் ஒடுங்கு பண்பு நான்கில் ஒன்றாகத் தலைகாட்டும். மனச்சிதைவு நோயும் அப்படி ஒரே காரணியால் வருவதானால், நோயில்லாத பெற்றோருக்குப் பிறந்த நோயாளியின் உடன்பிறந்தோரில் 25 விழுக்காட்டினருக்கு அது வந்திருக்க வேண்டும். எழுநூறு குடும்பங்களின் விவரங்களைத் திரட்டி எண்ணியபோது கிடைத்தது ஏறத்தாழ 4.5 விழுக்காடுதான். இரண்டு ஒடுங்கு காரணிகள் சேர்ந்தால் 16இல் 1 வரும் என்று ரூடின் விளக்கம் தேடினார்.

ஒற்றைக் காரணி இல்லை என்று எண்களே சொல்லிவிட்டன. ஆனால் 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் மனச்சிதைவு நோயும் இடம்பெற்றது. அச்சட்டத்துக்கு உரை எழுதிய மூவரில் ரூடினும் ஒருவர். சுமார் 4 லட்சம் பேர் கருத்தடைக்கு ஆளானார்கள். 1940, 41இல் 70,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். இதை அறிவியலின் பிழை என்று நான் கருதவில்லை. தாம் திரட்டிய தரவு சொன்னதையே ஒருவர் காதில் வாங்காததன் விளைவு இது.

போருக்குப் பின் மரபு என்ற சொல்லே கூசவைத்தது. பழி தாய்மீது திரும்பியது. பாசமற்ற தாயின் வளர்ப்பே நோயை உண்டாக்குகிறது என்ற கருத்து அமெரிக்காவில் 1948 முதல் வேரூன்றியது. மகனின் நோய்க்கு நீயே காரணம் என்று மருத்துவரே சொல்லக் கேட்ட தாய்மார் எத்தனை பேர்!

அந்தப் பழியை ஆட்டம் காணவைத்தது லெனார்டு ஹெஸ்டன் 1966இல் வெளியிட்ட ஆய்வு. மனச்சிதைவு நோயுடன் ஓரிகன் மாநில மனநல மருத்துவமனைகளில் இருந்த தாய்மார்களுக்குப் பிறந்து, சில நாட்களிலேயே அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட 47 பிள்ளைகளை, வளர்ந்தபின் தேடிப்பிடித்து அவர் ஆராய்ந்தார். ஐந்து பேருக்கு மனச்சிதைவு இருந்தது. அதேபோல் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு இந்நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாயின் மடியில் வளராத பிள்ளைகளுக்கு அவள் வளர்ப்பு எப்படிக் காரணமாகும்?

எனினும் மரபு மட்டுமே விதி அல்ல. ஒற்றைக்கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதி அளவே. 1967இல் காட்ஸ்மனும் ஷீல்ட்ஸும் முன்வைத்த கருத்து இதோடு பொருந்தியது: சிறு விளைவுடைய பல மரபணுக்கள் கூடி, சூழலும் சேர்ந்து, ஒரு வரம்பைத் தாண்டும்போது நோய் வெளிப்படுகிறது.

ஆயினும் ஒற்றை மரபணு ஆசை விடவில்லை. 1988இல் 'நேச்சர்' இதழில் ஒரு குழு ஐந்தாம் குரோமோசோமில் தடம் கண்டதாக அறிவித்தது. அதே இதழில் இன்னொரு குழு ஸ்வீடன் குடும்பத்தில் அத்தடம் இல்லை என்றது.

பெரும் எண்ணிக்கைதான் வழி திறந்தது. 2014இல் 36,989 நோயாளிகளையும் 1,13,075 பிறரையும் ஒப்பிட்டு 108 மரபுத்தொகுதி இடங்கள் அடையாளம் காணப்பட்டன. 2022இல் அது 287 ஆனது. பெரும்பாலான இடங்களில் மாறுபாட்டின் விளைவு மிகச் சிறிது. விதிவிலக்கு 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபடும் நிலை: அதனுடன் பிறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் வரலாம்.

வலுவான தடம் ஆறாம் குரோமோசோமில் இருந்தது. 2016இல் அது சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவரை கொண்டுசென்றது. மூளை வளர்கையில் நரம்புச் செல்களுக்கு இடையிலான வேண்டாத இணைப்புகள் கத்தரிக்கப்படும். சி4 இல்லாத எலிகளில் இந்தக் கத்தரிப்பு குறைந்தது. மனிதரிலோ சி4ஏ வடிவம் கூடுதலாக இயங்குவோருக்கு நோய் அபாயம் கூடியது. கத்தரிப்பு அளவு மீறுவதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பதின்வயது இறுதியிலும் இருபதுகளிலும் நோய் தொடங்குவதற்கும் இது ஒரு விளக்கம் தருகிறது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலான மாதிரிகள் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. அதனால் அவற்றிலிருந்து கூட்டிய அபாய மதிப்பெண் நம் மக்களிடம் அவ்வளவு சரியாகப் பொருந்தாது. சென்னையின் ஸ்கார்ப் என்ற மனநல நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட இந்திய ஆய்வு எட்டாம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் கண்டது. நியாசினை, அதாவது பி3 வைட்டமினை, உடல் பயன்படுத்த உதவும் மரபணு அங்கே இருக்கிறது. நியாசின் பற்றாக்குறையால் வரும் பெல்லக்ரா நோயில் மனம் குழம்புவதை மருத்துவம் நெடுங்காலமாக அறியும்.