உப்பும் நிழற்படமும் பனிக்கூழும்

சென்ற ஆண்டு விழாவின்போது நம் சங்க மண்டபத்தின் இரண்டு மூலைகளில் கூட்டம் மிகுந்திருந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு மூலையில் நம் இளைஞர்கள் கணிப்பொறியை வைத்துக்கொண்டு, உறுப்பினர் கொணர்ந்த பழைய குடும்ப நிழற்படங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தனர். கிழிந்ததை ஒட்டினர், மங்கியதைத் தெளிவித்தனர், ஊரில் மறைந்த பாட்டனாரை மும்பையிற் பிறந்த பேரனருகே நிறுத்தியும் காட்டினர். எதிர் மூலையில் மகளிர் அணியினர், எந்திரம் ஏதுமின்றித் தூக்குச்சட்டியிலேயே பனிக்கூழ் உறையவைத்துக் குழந்தைகட்கு வழங்கினர். இரண்டையும் சுற்றிப் பார்த்த முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "தம்பி, அங்கே பொய்ப்படம் காட்டுகிறார்கள், இங்கே வெள்ளைக்காரன் பண்டம் கொடுக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்திற்கு இவை எதற்கு?" என்று வினவினார். அப்போது விடையிறுக்க நேரமில்லை. சீட்டுக் கொடுக்கும் பணியில் இருந்தோம். இம்மலரில் இடம் கிடைத்தமையால் இப்போது விடை கூற முற்படுகிறோம்.

விடையை டிராம்பேயிலிருந்தே தொடங்கலாம். டிராம்பே என்றவுடன் வெளியூரார்க்கு நினைவு வருவது அணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றே. 1956 ஆகஸ்டு 4 அன்று 'அப்சரா' என்னும் அணு உலை இங்கே இயங்கத் தொடங்கிய நாள் தொட்டு அதுவே இவ்வூரின் பெயர் ஆயிற்று. ஆனால் மராட்டியர் துர்பே என வழங்கும் இம்மண்ணுக்கு அணுவினும் மூத்த செல்வம் ஒன்று உண்டு. அது உப்பு. வடாலா, ஆணிக், செம்பூர், மண்டாலே, துர்பே என்று கழி நீர் ஏறி இறங்கிய இடமெல்லாம் பாத்திகளாயிருந்தன. 1930 இல் இராஜாஜி வேதாரணியத்தில் உப்பு அள்ளிய அதே காலத்தில், வடாலா உப்பளங்களில் மக்கள் திரள் திரளாகப் புகுந்து அடிபட்டனர். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நெல்லைச் சீமையார்க்கு இவ்விடம் அத்துணை அயலாகத் தோன்றியிராது.

(இருப்புப்பாதை ஊழியர் என்ற முறையில் ஒன்று கூறி மேற்செல்கிறோம். அந்தேரியிலிருந்து டிராம்பே வரை ஓர் இரயில் 1928 முதல் 1934 வரை ஓடியது. சால்செட் - டிராம்பே இரயில்வே என்று அதற்குப் பெயர். கலினா, குர்லா வழியே செல்லும் சி.எஸ்.டி. சாலையின் பெயர் அப்பாதையிலிருந்து வந்தது. போரிபந்தர் நிலையத்திலிருந்து வந்ததன்று. நம் அலுவலகத்திலேயே இதனை அறியாதார் பலர்.)

உப்புக்கும் நிழற்படத்துக்கும் என்ன தொடர்பு என வினவலாம். நிழற்படம் உப்பிலிருந்தே பிறந்தது. இங்கிலாந்தில் டால்பட் என்பார் 1834 முதல் செய்த ஆய்வுகளில், தாளொன்றை உப்பு நீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினார். இரண்டும் கூடி வெயில் பட்டால் கறுக்கும் பொருளாயின. இலையொன்றை அத்தாளின்மேல் வைத்து வெயிலிற் காட்ட, இலையின் உருவம் வெண்மையாய் நின்றது. அவ்வுருவம் மேலும் கறுத்து அழியாதிருக்க அவர் முதலிற் கையாண்டதும் செறிந்த உப்பு நீரே. 1839 இல் ஹெர்ஷல் என்னும் அறிஞர் 'ஹைப்போ' என்னும் மருந்தைப் பயன்படுத்திக் காட்டிய பின்னரே படம் நிலைபெற்றது. அவ்வாண்டிலேயே பிரான்சு நாட்டு டாகேரின் முறையும் உலகறிய வெளிவந்தது.

புதுமை பம்பாய்க்கு வரக் காலந்தாழ்க்கவில்லை. 1854 இல் பம்பாய் நிழற்படக் கழகம் நிறுவப்பட்டது; சென்னையிலும் கல்கத்தாவிலும் கழகங்கள் தோன்றியது 1856 இல்தான். பம்பாய்க் கழகத்தில் ஆங்கிலேயரோடு நாராயண தாஜி போன்ற இந்தியரும் இருந்தனர். அக்கழகத்தைச் சேர்ந்தவரும், பம்பாய் அரசுப் பணியில் இருந்தவருமான வில்லியம் ஜான்சன் என்பார், ஹெண்டர்சன் என்பாருடன் சேர்ந்து உருவாக்கிய பணியே நம் முதியவர்க்கு நாம் கூற விரும்பும் முதல் விடை. பம்பாயில் வாழ்ந்த பல இனத்தாரையும் காட்டும் இரண்டு தொகுதிகளை ஜான்சன் 1863 இலும் 1866 இலும் வெளியிட்டார். கோயில் முன்னும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் மக்கள் நிற்பதாக அப்படங்கள் காட்டும். உண்மையில் அம்மக்கள் அங்கே நின்றவரல்லர்! படச்சாலையில் அமர்த்தி எடுத்த உருவங்களைப் பிரித்தெடுத்து, வேறிடத்தில் எடுத்த ஊர்க்காட்சியின்மேல் பொருத்திச் செய்யப்பட்டவை அவை. எனவே, ஒட்டுப்படம் நம் இளைஞர் கணிப்பொறியால் கொணர்ந்த கலையன்று. நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே இந்நகரில் அச்சேறிய கலை.

இங்கிலாந்திலும் இதுவே நிலை. ராபின்சன் என்பார் 1858 இல், நோயுற்று மறையும் ஓர் இளம்பெண்ணைச் சுற்றிக் குடும்பத்தார் இருப்பதாகக் காட்டிய புகழ்பெற்ற படம், ஐந்து எதிர்ப்படிவங்களை இணைத்துச் செய்தது. துயரமான அக்காட்சியைப் படமாக்கலாமா என்று அக்காலத்தார் பூசலிட்டனர். முகத்திலுள்ள வடுக்களை எதிர்ப்படிவத்திலேயே தூரிகையால் நீக்கும் முறையை ஜெர்மானியர் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார் என்பர். சேர்த்தலும் நீக்கலும் ஆகிய இரு கைவேலைகளும், படக்கலை தோன்றி இருபது ஆண்டுகளுக்குள் முழுமை பெற்றுவிட்டன. அவ்விரண்டும் ஒன்றல்ல என்பது நம் கருத்து. அதற்கு எம் இல்லத்துப் படமொன்றே சான்று.

எம் பாட்டனார் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர். பாட்டியார் கைக்குழந்தையுடன் ஊரில் இருந்தார். 1958 இல் பாட்டனார் மாதுங்காவில் ஒரு படச்சாலையில் நின்று படம் எடுத்துத் தபாலில் ஊருக்கு அனுப்பினார். பாட்டியார் அதனை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குச் சென்றார். அங்கிருந்த படக்காரர் பாட்டியாரை நாற்காலியில் அமர்த்தி, மடியில் குழந்தையை இருத்தி, வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டுப் படம் எடுத்தார். பின்னர்ப் பாட்டனாரின் உருவத்தைக் கத்தரித்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, அவ்விடத்தில் ஒட்டி, சேர்ந்த இடம் தெரியாதபடி மை தீட்டி, அதனை மீண்டும் படமெடுத்தார். நெருங்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். பாட்டியாரின் நிழல் வலப்பக்கமும் பாட்டனாரின் நிழல் இடப்பக்கமும் விழுந்திருக்கும். ஒரே அறையில் இரண்டு ஞாயிறுகள்! ஆயினும் அது பொய்ப்படம் என்று எம் இல்லத்தில் ஒருவரும் கூறியதில்லை. கணவன் பம்பாயிலும் மனைவி ஊரிலும் இருந்த காலத்தை அவ்விரண்டு நிழல்களை விட உண்மையாக எவ்வெழுத்து உரைக்கும்?

பின்னர்ப் பாட்டியாரும் இங்கு வந்து, டிராம்பே அணு நிலையத்தின் பக்கலிலிருந்த ஜனதா காலனியில் குடியேறினர். அக்காலனியின் வரலாறு இங்குள்ள பலர்க்குத் தம் வரலாறே. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே திங்களில், ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அக்குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் கழியோரச் சதுப்பு நிலமாகிய சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அதனை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். அவர் 2000 இல் மக்சேசே விருது பெற்றதும், 2018 இல் மறைந்ததும் அன்பர்கள் அறிந்தவை. இடிபட்ட அந்நாளில் கட்டிலும் அண்டாவும் போயின. படம் மட்டும் தகரப்பெட்டியின் அடியில் சேலைக்குள் கிடந்து தப்பியது.

1976 இல் தப்பிய படம் 2005 இல் தப்பவில்லை. அவ்வாண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. குர்லாவில் நாம் குடியிருந்த வீட்டில் நீர் மார்பளவு நின்றது. நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைச் செப்பனிடும் கடை ஒன்றில் கொடுத்தோம். பத்து நாள் கழித்துப் பளபளவென்று வேறொரு படம் வந்தது. பாட்டனார் முகத்திலிருந்த அம்மைத் தழும்புகள் இல்லை. நிழல்கள் இரண்டும் இல்லை. பின்னால் நீல வானம். மூலப்படத்தைக் கேட்டோம், அழுகியதை வைத்து என்ன செய்வதென்று எறிந்துவிட்டதாகக் கூறினர். பாட்டியாரிடம் கொடுத்தபோது அவர் வெகுநேரம் பார்த்தார். "நன்றாய்த்தான் இருக்கிறது. இவர் யார்?" என்றார்.

அன்றுதான் சேர்த்தலுக்கும் நீக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தோம். பிரிந்தவரைச் சேர்த்த திருநெல்வேலிப் படக்காரரிடம் நமக்கு வழக்கில்லை. தழும்பைத் துடைத்தவரிடமே வழக்கு. 1990 இல் நோல் சகோதரர்கள் உருவாக்கிய 'ஃபோட்டோஷாப்' வெளிவந்தபின் இவ்விரண்டு வேலைகளும் எளிதாயின. இன்று கைப்பேசியில் விரலால் தொட்டாலே முகம் மழமழப்பாகிவிடுகிறது. கருவி தானே வண்ணம் தீட்டி, இல்லாத பல்லையும் வைத்துவிடுகிறது. நம் இளைஞர்களுக்குச் சங்கம் மூன்று கட்டுப்பாடுகளை விதித்திருப்பதன் காரணம் இதுவே: மூலப்படத்தை முதலில் அப்படியே பதிவு செய்துகொள்ளல், திருத்துவதை அதன் பிரதியில் மட்டும் செய்தல், சேர்த்தவர் யார், எவ்வாண்டு என்பதைப் புதுப்படத்தின் பின்புறம் எழுதுதல்.

இனிப் பனிக்கூழுக்கு வருவோம். அது வெள்ளைக்காரன் பண்டம் என்பதும் பாதி உண்மையே. அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபசல் தம் 'ஐனி அக்பரி'யில், வெடியுப்பைக் கரைத்த நீரில் குடுவையைச் சுழற்றிக் குடிநீரைக் குளிர்விக்கும் முறையையும், இமயப் பகுதியிலிருந்து இலாகூருக்குப் பனி வந்ததையும் குறித்துள்ளார். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பிய குழிகளில் ஆழமற்ற மண்தட்டுகளை வைத்து நீரை உறையச் செய்ததை ராபர்ட் பார்க்கர் 1775 இல் எழுதிவைத்தார். குல்பி என்னும் பெயரே, பூட்டு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. பாலைக் குவளையில் இட்டு, மூடியை மாவால் அடைத்துப் பூட்டிவிடுவதை நினைத்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

பம்பாயில் பனிக்கட்டி பெருகியது அமெரிக்கக் கப்பலால்தான். பாஸ்டன் நகர வணிகர் டியூடர் 1833 இல் 180 டன் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு திங்கள் கடற்பயணத்தின் பின்னும் ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. மறு ஆண்டு பம்பாய்க்கும் வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842 இல் அதற்கெனக் கட்டிய பனிக்கட்டி மாளிகையில்தான் 1897 இல் விவேகானந்தர் தங்கினார். அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பம்பாயில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் தம் விருந்தொன்றில் முதன்முதலாகப் பனிக்கூழ் வழங்கினார் என்றும், விருந்தளித்தவர்க்கும் உண்டவர்க்கும் சளி பிடித்ததென 'பம்பாய் சமாச்சார்' எழுதிற்று என்றும் கூறுவர். இன்றும் பிள்ளைகள் பனிக்கூழ் கேட்டால் நாம் கூறும் மறுமொழி அதுவேயன்றோ!

பனிக்கட்டி மட்டும் இருந்தால் பால் உறையாது. உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை பூச்சியம். சர்க்கரை கலந்த பால் உறைய அதனினும் குளிர் வேண்டும். அங்கேதான் நம் உப்பு வருகிறது. பனிக்கட்டியின்மேல் உப்பைத் தூவினால் அது விரைந்து உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து, அஃதாவது பாலிலிருந்து, பறித்துக்கொள்ளும். மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை வரை குளிர் இறங்கவல்லது. 1843 இல் அமெரிக்கப் பெண்மணி நான்சி ஜான்சன் உரிமம் பெற்ற கைச்சுழல் எந்திரமும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது. நம் நாட்டில் கோத்ரெஜ் நிறுவனம் குளிர்பதனப் பெட்டி செய்யத் தொடங்கியது 1958 இல். அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், நம் போன்றோர் இல்லங்களில் உப்பும் வாளியுமே குளிர்பதனப் பெட்டி.

மகளிர் அணியினர் செய்த முறை இது. ஒரு லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலப்பொடியும் இட்டு நன்கு ஆறவிட்டனர். சூடாக வைத்தால் பனிக்கட்டி வீணாகும். மூடி இறுகிய எவர்சில்வர் தூக்குச்சட்டியில் முக்கால் பங்கு ஊற்றி, வாளியில் நொறுக்கிய பனிக்கட்டியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அடுக்கி நடுவே புதைத்தனர். கால் மணிக்கு ஒரு முறை எடுத்து, மூடியோரத்தை ஈரத்துணியால் துடைத்தபின் திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கிளறினர். துடைக்க மறந்தால் உப்பு உள்ளே இறங்கிவிடும். முதற்சட்டி அப்படித்தான் கெட்டது. ஒரு மணிக்குள் கரண்டி நிற்கும் பதம் வந்தது.

இவ்விரண்டு மூலைகளுக்கும் உள்ள மற்றொரு தொடர்பை நாம் அண்மையில்தான் அறிந்தோம். வெள்ளத்தில் நனைந்த படங்களைத் தூய குளிர்நீரில் மெல்ல அலசி, உருவம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டுமாம். உடனே உலர்த்த இயலாவிடில், இடையிடையே மெழுகுத்தாள் வைத்துப் பையிலிட்டு, உறையவைக்கும் பெட்டியிலேயே வைத்துவிடலாம். பூஞ்சை பிடிக்காது, தக்கவர் கையில் சேரும் வரை படம் அந்நிலையிலேயே நிற்கும். கண்ணாடித்தகட்டு எதிர்ப்படிவங்களுக்கு மட்டும் இம்முறை ஆகாது. ஆவணக் காப்பகங்கள் கையாளும் வழி இது. 2005 ஜூலையில் இதனை நாம் அறிந்திருந்தோமா? பக்கத்து மாடி வீட்டாரிடம் குளிர்பதனப் பெட்டி இருந்தது.

இவ்வாண்டு விழாவில் ஜனதா காலனிக் காலப் படங்களைத் தனி வரிசையில் வைக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. 1976 க்கு முற்பட்ட படம் உடையவர், அது ஒட்டுப்படமாயினும் தயங்காது கொணர்க. பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் மெல்லிய பென்சிலால் எழுதியிருத்தல் நலம். மூலப்படம் பதிவு செய்யப்பட்டு, அன்று மாலையே உரியவர் கையில் திருப்பித் தரப்படும். பனிக்கட்டியும் கல்லுப்பும் சங்கம் வாங்கும். தூக்குச்சட்டி மட்டும் கொண்டுவந்தால் போதும்.